அது வளையல் சத்தம் இல்லை

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இலுப்பூரில் என் மகளுக்கு வளைகாப்பு முடித்து, அவளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்த வழியில் நடந்தது. எங்கள் ஊர் ஆவுடையார்கோவிலுக்குப் பக்கம். இலுப்பூரில் கிளம்பினால் புதுக்கோட்டை, அங்கிருந்து அறந்தாங்கி ரோடு என்று மாவட்டத்தையே குறுக்கே கடந்துதான் வீடு வந்து சேரவேண்டும்.

காரை ஓட்டியது நான்தான். என் வீட்டுக்காரர் குவைத்தில் வேலை பார்க்கிறார். ஒரு லீவில் வந்தபோது இந்தக் காரை வாங்கி, ஒரு மாதம் ஆசை தீர ஓட்டிவிட்டு, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு ஃபிளைட் ஏறிவிட்டார். அதற்கப்புறம் அந்தக் கார் கோழி அடைகாக்கத்தான் பயன்பட்டது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு நானே டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்துவிட்டேன். பிள்ளையைக் கட்டிக்கொடுத்த வயதில் இவளுக்கு என்ன காரோட்டம் என்று சிரித்தவர்கள்தான் இப்போது ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் என்னைக் கூப்பிடுகிறார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ரோட்டில் யாராவது பின்னால் வந்து ஹாரன் அடித்தால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். பொம்பளை ஓட்டுகிறாள் என்று தெரிந்தாலே சிலர் ஹாரனை விட்டுக் கையை எடுக்கமாட்டார்கள். அன்றைக்கும் அந்தக் கோபம் என்னோடு காரில்தான் இருந்தது.

முன்சீட்டில் மகள். ஒன்பதாம் மாதம். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். பின்சீட்டில் என் அக்கா. அவளைச் சுற்றிலும் சீர்த்தட்டுகள், பூ, பழம். டிக்கியில் மிஞ்சிய புளியோதரையும் எலுமிச்சை சாதமும் ஏறியிருந்த எவர்சில்வர் தூக்குகள். என் மகளுக்கு இதற்கு முன்னால் ஒரு கரு மூன்றாம் மாதத்திலேயே தங்காமல் போய்விட்டது. அந்த வேதனையை அவள் யாரிடமும் சொல்லி அழுததில்லை. அதனால் இந்தப் பிள்ளை நல்லபடியாக வந்து சேரவேண்டும் என்பதைத் தவிர எங்கள் வீட்டில் யாருக்கும் அப்போது வேறு நினைப்பே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம். அதற்குள் வாசல் தாண்டிவிட வேண்டும் என்று அக்கா மதியத்திலிருந்தே பறந்துகொண்டிருந்தாள். சம்பந்தி வீட்டார் காபி நீட்டியபோதுகூட நின்றபடியே ஒரு வாய் குடித்துவிட்டு வந்து காரில் ஏறிக்கொண்டாள். மண்டபக் கணக்கையெல்லாம் முடித்துவிட்டு அடுத்த நாள் வருவதாக மாப்பிள்ளை சொல்லிவிட்டார். நாங்கள் நாலரைக்குச் சற்று முன்னாலேயே கிளம்பிவிட்டோம்.

புதுக்கோட்டை டவுனுக்குள் வந்தோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நான் மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தேன் என்று சொல்ல ஆசை. ஆனால் அவ்வளவு மெதுவாக வரவில்லை. ஒரு பைக் எங்கிருந்தோ குறுக்கே பாய்ந்தது. நான் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். முன்சக்கரம் நடைபாதையின் சிமெண்ட் ஓரக்கல்லில் போய் இடித்து, மேலே ஏறி, தொம்மென்று கீழே இறங்கியது. தூக்குகள் எல்லாம் ஒன்றோடொன்று மோதின. மகள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பைக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னம்மா பண்ணுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லம்மா. உள்ள ஒதைக்கிறான். நல்லாத்தான் இருக்கான்" என்றாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்க்கலாம் என்று இண்டிகேட்டரைப் போட்டேன். பின்னாலிருந்து அக்கா கத்தினாள்.

"நிறுத்தாதடி! ராகு காலம் ஓடிக்கிட்டு இருக்கு. இப்ப எறங்கிட்டு மறுபடி கெளம்புனா, ராகு காலத்துல கெளம்புனதாத்தான் கணக்கு. நெறமாசப் பிள்ளைய வச்சுக்கிட்டு ஒனக்கு ஏன் இந்த வேல? வீட்டுல போயிப் பாத்துக்கலாம்."

வேறொரு நாளாக இருந்தால் நான் அவளைக் கேலி செய்திருப்பேன். அன்றைக்கு வாய் வரவில்லை. நமக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, வயிற்றுப்பிள்ளையோடு மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்தத் தாய்க்கும் சாஸ்திரத்தை மீறத் துணிச்சல் வராது. கார்தான் ஓடுகிறதே, டயரும் பஞ்சர் இல்லையே என்று இண்டிகேட்டரை அணைத்துவிட்டேன்.

அறந்தாங்கி ரோட்டில் திரும்பிய கொஞ்ச நேரத்திலேயே ஸ்டியரிங் மாறியிருப்பது தெரிந்தது. நேராகப் போக வேண்டுமானால் வலது பக்கம் கொஞ்சம் பிடித்தே ஓட்ட வேண்டியிருந்தது. கையைத் தளர்த்தினால் கார் தானாக இடப்பக்கம் இழுத்தது. ஸ்டியரிங்கின் நடுவில் இருக்கும் கம்பெனி முத்திரை கோணலாக என்னைப் பார்த்தது. அலைன்மென்ட் போயிருக்கும், நாளைக்குச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு சத்தம் ஆரம்பித்தது. கட், கட், கட் என்று சின்னச் சத்தம். ரோடு வளையும்போது கூடும், நேரானால் குறையும்.

"தூக்குதான் ஆடுது" என்றாள் அக்கா. பின்சீட்டுக்கு மேலே கையை நீட்டி, எட்டிய தூக்குகளுக்கு இடையில் ஒரு துண்டைத் திணித்தாள். தூக்குச் சத்தம் நின்றது. கட் கட் நிற்கவில்லை.

"அப்ப இவ வளையலு" என்றாள்.

மகளும் சிரித்துக்கொண்டே கையைக் குலுக்கிக் காட்டினாள். வளையல்கள் கலகலத்தன. சரிதான், வளையல்தான் என்று மூன்று பேரும் நம்பிவிட்டோம். நம்புவதற்கு வசதியாக இருந்தால் மனிதர்கள் எதையும் நம்புவார்கள் போலிருக்கிறது.

டவுன் முடிந்து தைலமரக் காடு தொடங்கியது. அந்த ரோடு எனக்குப் பழக்கம்தான். ஆனால் கார்த்திகையில் பொழுது சீக்கிரம் சாயும். மழை பெய்து ஓய்ந்த வானம், இரண்டு பக்கமும் வரிசையாக வெள்ளை மரங்கள், எதிரே எப்போதாவது ஒரு வண்டி. அப்போதுதான் பின்னால் அந்த ஹாரன் கேட்டது.

கண்ணாடியில் பார்த்தேன். தைலமரக் கட்டை ஏற்றிய சின்ன லோடு வண்டி. ஓட்டுகிறவன் தலையையும் முகத்தையும் சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தான். கண் மட்டும்தான் தெரிந்தது. விட்டு விட்டு ஹாரன் அடித்தான். எனக்கு வழக்கமான கோபம் வந்தது. ரோடு காலியாகத்தானே கிடக்கிறது, போக வேண்டியதுதானே என்று காரை ஓரமாக ஒதுக்கி வழி விட்டேன். அவன் போகவில்லை. என் பின்னாலேயே வந்தான். லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தான்.

கோபம் போய், காருக்குள் இருப்பவர்களை எண்ணிப் பார்த்தேன். மூன்று பேரும் பொம்பளைகள். விசேஷத்துக்குப் போய்வந்த நகை அப்படியே கழுத்திலும் கையிலும் கிடந்தது. மகளுக்கு நாங்கள் போட்டதும் அவர்கள் போட்டதுமாக ஒரு வீட்டு நகை. ஆள் நடமாட்டம் இல்லாத ரோடு. நான் கதவுகளைப் பூட்டும் பொத்தானை அழுத்தினேன். டக்கென்று நாலு கதவும் பூட்டிக்கொண்ட சத்தத்தில் அக்கா புரிந்துகொண்டாள். சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தைச் சுற்றி மூடிக்கொண்டு, சத்தம் போடாமல் உதட்டை மட்டும் அசைத்துச் சாமி பெயரைச் சொல்ல ஆரம்பித்தாள்.

அவன் வலது பக்கம் ஏறிக் காருக்குப் பக்கத்தில் வந்தான். சீட்டில் இடப்பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கத்து ஜன்னல் வழியாகக் கையை நீட்டி எதையோ ஆட்டினான். வட்டமாக, வெள்ளியாக மினுங்கியது. என்னவோ கத்தினான். கண்ணாடி மூடியிருந்ததால் ஒன்றும் விளங்கவில்லை. நான் ஆக்சிலேட்டரை அழுத்தினேன்.

இப்போது நினைத்தாலும் என் உள்ளங்கால் கூசும். பயத்தில் நான் அழுத்திய அந்த மிதிதான் அன்றைக்கு எங்களுக்கு எமனாக வந்திருக்க வேண்டியது.

மகள் மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். "பின்னாடி ஒருத்தன் வண்டியில தொரத்திக்கிட்டே வாரான்ங்க. அறந்தாங்கி ரோடு..." அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. அதன்பிறகு அங்கே டவரே கிடைக்கவில்லை. காரின் வேகம் கூடக் கூட ஸ்டியரிங் என் கைக்குள் நடுங்க ஆரம்பித்தது. முதலில் என் கைதான் நடுங்குகிறது என்று நினைத்தேன். இறுக்கிப் பிடித்தேன். பிடித்த கையையும் சேர்த்து ஆட்டியது. கீழே உய்ங் என்று ஓர் இரைச்சல். அதோடு அந்தக் கட் கட்டும் இப்போது இடைவெளி விடாமல் கேட்டது.

அப்போது என் மகள் ஒரு காரியம் செய்தாள். வலது கை வளையல்களை இடது கையால் மொத்தமாகப் பொத்தி, இரண்டு கையையும் மடிக்குள் அமுக்கிக்கொண்டாள். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு குனிந்து கேட்டாள். வளையல் ஒன்றுகூட அசையவில்லை. சத்தம் மட்டும் அவள் காலடியிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

"அம்மா" என்றாள். "இது வளையல் இல்லம்மா. சக்கரத்துலேருந்து வருது."

அந்த ஒரு நொடியில் எல்லாம் சேர்ந்து விளங்கியது. கோணலான ஸ்டியரிங், இடப்பக்கம் இழுத்தது, கல்லில் மோதியது, இந்த நடுக்கம், எல்லாம். முன்னால் சக்கரம். பின்னால் அந்த ஆள். ஓடினால் சக்கரம் போய்விடும், நின்றால் அவன் வந்துவிடுவான். என் வாழ்க்கையில் அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னாலும் பட்டதில்லை, பின்னாலும் பட்டதில்லை. மகளின் வயிற்றை ஒரு தடவை பார்த்தேன். ஆளிடமாவது நகையைக் கழற்றிக் கொடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சலாம், சக்கரத்திடம் என்ன சொல்லிக் கெஞ்சுவது என்று தோன்றியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பிரேக்கை ஒரேயடியாக அமுக்காமல் பூப்போல அழுத்தி, கியரைக் குறைத்து, காரை மண் ஓரத்தில் உருட்டி நிறுத்தினேன்.

"ராகு காலம்..." என்று தொடங்கிய அக்கா, என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

லோடு வண்டி எங்களைத் தாண்டி ஓரமாக நின்றது. அவன் இறங்கினான். நல்ல உயரமான ஆள். கையில் அந்த மினுங்கும் வட்டம். எங்களை நோக்கி நாலு எட்டு வைத்தான். உள்ளே மகள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவன் நின்றுவிட்டான். காருக்குள் நாங்கள் ஒண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருப்பான். முகத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். எங்கள் ஊர்ப்பக்கத்து வயல் வரப்பில் தினமும் பார்க்கிற மாதிரி ஒரு சாதாரண முகம், இரண்டு நாள் தாடியோடு. கையிலிருந்ததை ரோட்டு ஓரத்தில் வைத்துவிட்டு, அப்படியே பின்வாங்கி ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், இரண்டு கையையும் எங்களுக்குத் தெரிகிற மாதிரி விரித்துக் காட்டினான். அங்கே இருந்தபடியே எதையோ சொன்னான்.

நான் கண்ணாடியை இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறக்கினேன்.

"பயப்படாதீங்க! நான் இங்கிட்டேயே நிக்கிறேன், அங்கிட்டு வரல! ஒங்க சக்கரத்து மேல இருந்த வீல் கப்புதான் அது. கழண்டு என் வண்டிக்கு முன்னாடி உருண்டுச்சு. எடுத்துக் குடுக்கலாம்னு வந்தேன். வர்றப்ப பாத்தா இடது சக்கரமே ஆடுது! அதான் கத்திக்கிட்டே வந்தேன். எறங்கிப் பாருங்க!"

நான் உடனே இறங்கவில்லை. அவன் சொன்னதை நம்ப மனசு துடித்தது, கை கதவைத் திறக்க மறுத்தது. கடைசியில் மகளை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் இறங்கிக் கதவைப் பூட்டினேன். அவன் சொன்ன சொல் மாறாமல் எதிர்ப்பக்கத்து மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தவன் சட்டென்று எழுந்து ஓடிவர முடியாது என்பது எங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் உட்கார்ந்தானோ என்னவோ.

இடது முன்சக்கரத்தைப் பார்த்தேன். அது நேராக நிற்கவில்லை. மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, சப்பாணி நிற்கிற மாதிரி நின்றது. ரிம்மின் விளிம்பு ஓரிடத்தில் மடங்கியிருந்தது. டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. செல்போன் லைட்டை அடித்துச் சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு வரும் ஆக்சிலின் முனையில் மாட்டியிருந்த ரப்பர் உறை கிழிந்து, உள்ளிருந்த கிரீஸ் கருப்புக் கருப்பாக எல்லாப் பக்கமும் தெறித்திருந்தது. டயரின் மேல்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரு தள்ளு தள்ளினேன். கட் என்றது. சக்கரம் என் கையோடு அசைந்து கொடுத்தது. இத்தனை பெரிய காரைத் தாங்குகிற சக்கரம், ஆடுகிற பல் மாதிரி அசைந்தது.

நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"தண்ணி எதும் வேணுமாக்கா?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டார் அவர். அதுவரை அவன் என்றே நினைத்துக்கொண்டிருந்த ஆள் எனக்கு அந்த நொடியில் அவர் ஆகிவிட்டார். "வாங்க தம்பி, இங்கிட்டு வாங்க" என்று கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் ரோட்டைக் கடந்து வந்தார்.

அவர் மெக்கானிக் ஒன்றும் இல்லை. சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுக்கா. ஆனா இது ஓடாது" என்று மட்டும் சொன்னார். பிறகு ரோடு போகும் திசையில் கையைக் காட்டினார். "அந்தா தெரியுதுல்ல, பனைமரம்? அங்க திரும்புனா கம்மாக்கரை. தடுப்புச் சுவரு கெடையாது. தண்ணி இப்ப விளிம்பு வரைக்கும் கெடக்கு. நீங்க போன வேகத்துக்கு அங்க திரும்பிருவீங்களோன்னுதான் எனக்குப் பதறிருச்சு."

பனைமரம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் நின்றது. அந்த வளைவை எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ தடவை திரும்பியிருக்கிறேன். இடது பக்கம் கண்மாய். என் கார் இழுத்துக்கொண்டிருந்ததும் இடது பக்கம். காருக்குள் பார்த்தேன். பூட்டிய கதவுக்குப் பின்னால் என் மகள் சீட் பெல்ட்டோடு உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்து, அந்த ஈரக்காற்றில் அப்படியே குளிர்ந்து போனது. அழுகை அப்போதுதான் வந்தது. வாய்விட்டு அழுதேன்.

அவர் போகவில்லை. மாப்பிள்ளை பதறியடித்துக்கொண்டு ஒரு வாடகைக் காரோடு வந்து சேரும் வரைக்கும் தன் வண்டியை எங்கள் காருக்குப் பின்னால் கொண்டுவந்து, லைட்டைப் போட்டு நிறுத்திவைத்திருந்தார். அக்கா டிக்கியைத் திறந்து புளியோதரையை ஒரு வாழை இலையில் வைத்து அவரிடம் நீட்டினாள். சற்று முன்னால் யாருக்குப் பயந்து கழுத்தை மூடினாளோ, அவருக்கே "இன்னுங் கொஞ்சம் வச்சுக்கங்க தம்பி" என்று உபசாரம் நடந்தது. அவர் வண்டியில் சாய்ந்து நின்று சாப்பிட்டபடி, "வளைகாப்புச் சாப்பாடா? நல்லபடியா பெத்துப் பொழை ஆத்தா" என்று என் மகளைப் பார்த்துச் சொன்னார்.

மாப்பிள்ளை வந்து இறங்கிய வேகத்தில் அவரை அடிக்கப் போய்விட்டார். நான் குறுக்கே நின்று விஷயத்தைச் சொன்னேன். மாப்பிள்ளை அப்படியே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் வாடகைக் காரில் ஏறும்போது நன்றாக இருட்டிவிட்டது. ராகு காலம் முடிந்து வெகு நேரமாகியிருந்தது. "பாத்தியா, நல்ல நேரத்துலதான் கெளம்புறோம்" என்றாள் அக்கா. எனக்குச் சிரிப்பதா அவளை அடிப்பதா என்று தெரியவில்லை.

மறுநாள் ரெக்கவரி வண்டி எங்கள் காரை அறந்தாங்கி ஒர்க்‌ஷாப்புக்குத் தூக்கிப் போனது. நானும் போனேன். மெக்கானிக் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றிவிட்டு எனக்குக் காட்டினார். சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் இரும்புக்கை, கல்லில் மோதிய வேகத்தில் வளைந்திருந்தது. அதன் நுனியில் இருக்கும் உருண்டை மூட்டு, குழியை விட்டு முக்கால்வாசி வெளியே வந்திருந்தது. அவர் ஒரு கம்பியை வைத்து லேசாக நெம்பினார். மூட்டு கையோடு வந்துவிட்டது. "வேகமா ஒரு வளைவுல ஒடிச்சிருந்தீங்கன்னா சக்கரம் அப்படியே மடங்கியிருக்கும்மா" என்றார். அன்றைக்கு ராத்திரி குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர் பேசியபோது இதை அவரிடம் சொன்னேன். முதலில் மகளிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்.

அடுத்த மாதம் எனக்குப் பேத்தி பிறந்தாள். உள்ளே உதைத்தவன் பையன் என்று மகள் நினைத்திருந்தது மட்டும்தான் தப்பாகிப் போனது. இப்போது வீடெல்லாம் ஓடித் திரிகிறாள். கையில் ஒரு ஜோடி வளையல் போட்டுவிட்டிருக்கிறோம். நான் இன்றைக்கும் கார் ஓட்டுகிறேன். ஒரு சின்னக் கல்லில் இடித்தால்கூட ராகு காலமோ எமகண்டமோ, இறங்கிச் சக்கரத்தைப் பார்க்காமல் நகர்வதில்லை. அக்காவும் இப்போது வாய் திறப்பதில்லை.

அந்தத் தம்பியின் பெயரைக் கேட்க அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த ரோட்டில் தைலமரக் கட்டை ஏற்றிய வண்டி எது போனாலும் ஓட்டுகிறவர் முகத்தை எட்டிப் பார்க்கிறேன். இதுவரை கண்ணில் படவில்லை. பூட்டிய கதவைப் பற்றி எனக்கு வருத்தம் கிடையாது, இன்றைக்கும் பூட்டத்தான் செய்வேன். ஆனால் பின்னால் யாராவது விடாமல் ஹாரன் அடித்தால் முன்னைப்போல முறைப்பதில்லை, கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி என்னவென்று கேட்கிறேன். அந்த இரண்டு விரல் சந்து வழியாகத்தான் என் பேத்தி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.